மறு: 'உலர் காய்கறி' வேண்டாம், 'எண்ணெய்வற்றல்' சரிவருமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கடையில் பொட்டலமாக விற்கும் மொறுமொறுப்பான காய்கறி நொறுக்குகளுக்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> 'உலர் காய்கறி நொறுக்குகள்' என்றே வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், மக்களுக்கும் புரியும்.

ஐயா, இந்த ஒரு சொல்லை மட்டும் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மக்களுக்குப் புரியும் என்பது உண்மைதான். தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை.

கடையில் கிடைக்கும் வெண்டைக்காய், காளான், சர்க்கரைவள்ளி, பலாச்சுளைப் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் வரிசையில் காய்க்கு அடுத்த இடம் பெரும்பாலும் பாமாயிலுக்கோ வேறொரு தாவர எண்ணெய்க்கோதான். அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு பொடி), உப்பு. வெறுமனே உலர்த்தியிருந்தால் எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை? இவற்றில் பெரும்பாலானவை பொரித்தவை. நம் வாணலிப் பொரிப்பு போல இல்லாததால் பச்சை நிறம் மங்குவதில்லை, ஓரம் கருகுவதில்லை, கையிலும் பிசுக்கு அதிகம் ஒட்டுவதில்லை. பார்ப்பவர் உலர்ந்த காய் என்றே நினைத்துக்கொள்கிறார். வியட்நாமில் பலாச்சுளையை இப்படிப் பொரித்து விற்கிறார்கள், அதற்கு அவர்கள் மொழியிலும் 'உலர்த்திய பலா' என்றே பெயர். அதே குழப்பத்தை நாமும் தமிழில் எழுதி வைக்க வேண்டாமே.

சொல்லை முடிவு செய்யும் முன் செய்முறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மூடிய கலத்துக்குள் காற்றழுத்தத்தை வெளியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குகிறார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 46 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். ஊட்டியில் 100 டிகிரிக்குக் கீழேயே தண்ணீர் கொதிப்பதால் பருப்பு வேக நேரமாகிறதே, அதே விதிதான், இங்கே மிகத் தீவிரமாக. ஆகவே எண்ணெயை 170, 180 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. 90 முதல் 120 டிகிரியே போதும், காயின் ஈரம் ஏறக்குறைய முழுக்க ஆவியாகிவிடும். சூடு குறைவு என்பதால் நிறம் நிற்கிறது, அதிகச் சூட்டில் பொரிக்கும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருள் உருவாவதும் குறைகிறது. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் காய் மூழ்கிக் கிடப்பது எண்ணெயில்தான்.

இதற்கு 'வெற்றிடப் பொரிப்பு' என்று இளைய நண்பர் எழுதியிருந்தார். பாடநூலில் வெற்றிடம் நிலைபெற்ற சொல், அந்த வகையில் குறை சொல்ல முடியாது. எனக்கு 'தாழழுத்தப் பொரிப்பு' இன்னும் பொருத்தமாகப் படுகிறது. கலத்துக்குள் வெற்றிடம் இல்லை, எண்ணெயும் காயும் நீராவியும் இருக்கின்றன. நடப்பது அழுத்தக் குறைப்பு. வானிலை அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வு' கேட்டுப் பழகியவர்களுக்கு அழுத்தம் தாழ்வது புதிய செய்தியும் இல்லை. இரண்டையும் தரலாம், முதலில் தாழழுத்தம் வரட்டும்.

அடுத்து, பொரிக்கும் காய்க்குள் எண்ணெய் போவதற்கு 'எண்ணெய் ஏற்பா', 'எண்ணெய் உறிஞ்சலா' எது பெயர் என்று நடந்த விவாதம். இதில் நான் உறிஞ்சல் பக்கம். காய் கொதித்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் கதை மாறுகிறது. துளைகளில் மிஞ்சிய நீராவி குளிர்ந்து நீராகச் சுருங்கும், உள்ளே அழுத்தம் விழும், மேலே படிந்திருக்கும் எண்ணெய் உள்ளே இழுபடும். வாணலிப் பொரிப்பில் எண்ணெயின் பெரும்பங்கு இப்படி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் உள்ளே போகிறது. தாழழுத்தக் கலத்திலோ காற்றை மறுபடி உள்ளே விடும் அந்தக் கணத்தில், ஒட்டியிருக்கும் எண்ணெயை வெளி அழுத்தமே துளைகளுக்குள் தள்ளிவிடும். அதனால்தான் நல்ல ஆலைகளில் காற்றை விடுவதற்கு முன்பே கலத்துக்குள் வைத்து மையவிலக்கியில் சுழற்றி எண்ணெயை உதறுகிறார்கள். அதைச் சரியாகச் செய்தார்களா இல்லையா என்பதில்தான் கொழுப்பின் அளவு பெரிதும் அடங்கியிருக்கிறது. 'ஏற்பு' என்றால் காய் தானாக ஏற்றுக்கொண்டது போலத் தொனிக்கிறது.

இப்போது பொருளுக்கான பெயர்.

> ஏற்கெனவே வற்றல் என்ற அருமையான சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

சரியான கேள்வி. குளம் வற்றுவது போலக் காயின் நீர் வற்றுகிறது, இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர் மிளகாய் என்று வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். சிக்கல் ஓரிடத்தில்தான். வெயிலில் காய்ந்ததும் வற்றல், அதைப் பொரித்துத் தட்டில் வைத்தாலும் வற்றல். வீட்டில் இது குழப்புவதில்லை, எண்ணெய் ஊற்றுகிறவர் நம் கண்ணெதிரில் இருக்கிறார். ஆலையில் நீர் வெளியேற்றமும் எண்ணெய் நுழைவும் ஒரே கலத்தில் முடிந்துவிடுகின்றன. வாங்குகிறவருக்கு அது தெரியப்போவதில்லை.

பொரியல் என்றால் நமக்குத் தேங்காய்ப்பூ தூவிய தொடுகறி, யாழ்ப்பாணத்து அக்கா நினைவூட்டியபடி அவர்களுக்கு எண்ணெயில் பொரித்தெடுத்தது. இரு கரைக்கும் பொதுவாக நிற்காது. 'பொரிவற்றல்' என்று ஒருவர் எழுதியதும் எனக்கு முதலில் மிகவும் பிடித்தது, ஊறுகாய் மாதிரி அழகான வினைத்தொகை. ஆனால் பொரிகடலை, பொரியரிசி, நெற்பொரி, சோளப்பொரி எதிலும் எண்ணெய் கட்டாயமில்லை. தமிழில் பொரி என்ற அடி எண்ணெயை உறுதியாகச் சொல்வதில்லை. நாம் சொல்லியே ஆகவேண்டிய செய்தியோ எண்ணெய்தான்.

ஆகவே என் முன்மொழிவு: எண்ணெய்வற்றல். நீரை வற்றவைத்தது எது என்பதை முன்னால் சேர்த்தால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. வெயிலில் காய்ந்தது வெயில்வற்றல். சூடான காற்றில் உலர்த்தியது வெங்காற்று வற்றல். உறையவைத்து, பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகும்படி அழுத்தம் குறைத்து உலர்த்தியது உறைவற்றல். எண்ணெயில் வற்றியது எண்ணெய்வற்றல். முதல் மூன்றிலும் நீர் போவதோடு சரி, நான்காவதில் நீர் போன இடத்தில் ஒரு பகுதியை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பிரிவு எவ்வளவு தேவை என்று தெரியும். 100 கிராம் பச்சை வெண்டைக்காயில் ஏறக்குறைய 90 கிராம் தண்ணீர், ஆற்றல் சுமார் 33 கிலோகலோரி. எண்ணெய் படாமல் நன்றாக உலர்த்தினால் பத்து கிராமுக்குச் சற்று மேல் மிஞ்சும், கலோரி அதே 33. ஆனால் உலர்ந்ததை 100 கிராம் எடைக்குக் கணக்கிட்டால் 300-ஐத் தாண்டிவிடும். இது வெறும் செறிவு, புதிதாக எதுவும் சேரவில்லை. எண்ணெய்வற்றலில் 100 கிராமுக்கு 30 கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 9 வீதம் 270 கிலோகலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. மீதிக் காய்ச்சத்து ஒரு 220. மொத்தம் 490. உருளைக்கிழங்குச் சிப்ஸுக்கு 530 அல்லது 550 இருக்கும், பெரிய தூரம் ஒன்றுமில்லை. 30 கிராம் கொறித்தால் 200 கிராம் வெண்டைக்காய் சாப்பிட்ட கணக்குத்தான், ஆனால் 66-க்குப் பதிலாக 147 கிலோகலோரி. அந்த 200 கிராமையும் பச்சையாகவோ வேகவைத்தோ சாப்பிட்டால் வயிறு நிறைந்ததாவது தெரியும், இது இரண்டு கைப்பிடியில் காணாமல் போகும். (மால்டோடெக்ஸ்ட்ரின் கரைசலில் ஊறவைத்திருந்தால் காயின் பங்கு இன்னும் குறையும். அதுவும் கிராமுக்கு 4 கிலோகலோரி தரும் மாவுச்சத்து வகைதான்.)

சர்க்கரை நோய்க்காகவும் எடைக்காகவும் பிஸ்கட்டை விட்டுவிட்டுக் 'காய்தானே' என்று இதற்கு மாறுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எடைக்கு எவ்வளவு கலோரி என்பதைக் குறிக்கும் 'ஆற்றல் அடர்த்தி' என்ற சொல் பற்றிச் சுருக்கமாக: பள்ளிப் பாடத்தில் அடர்த்தி என்பது கன அளவுக்கு எவ்வளவு நிறை என்பது. இந்த நொறுக்குகளோ பொட்டலம் நிறையத் தெரியும், தூக்கினால் எடையே இருக்காது. அதற்கு அடர்த்தி என்று பெயர் வைத்தால் மாணவர்கள் தடுமாறுவார்கள். எடைக்கு இவ்வளவு கலோரி என்பதற்கு 'ஆற்றல்செறிவு' போதும்.

பட்டியலுக்கான வரைவு:

எண்ணெய்வற்றல் (பெ.): காய், கிழங்கு, பழம் ஆகியவற்றின் நீரைச் சூடான எண்ணெயில் மூழ்கவைத்து வெளியேற்றி மொறுமொறுப்பாக்கிய தின்பண்டம், பெரும்பாலும் தாழழுத்தப் பொரிப்பு முறையில் செய்யப்படுவது. ஒப்பிடுக: வெயில்வற்றல், உறைவற்றல்.

'வெங்காற்று வற்றல்' எனக்கே நீளமாகத் தெரிகிறது. 'காற்றுவற்றல்' என்று சுருக்கினால் நிழலில் ஆறப்போட்டது போல ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன். இதற்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், பட்டியலில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டுவைப்போம்.

அன்புடன்.