மேல் பிரெட்டுல கன்ட்ரி லிக்: ஒரு பாக்ஸ் போதுமா, கார்டோட சேர்ந்து போகணுமா?

தந்திமாறன்: கிட்டார்ல கன்ட்ரி மியூசிக் லிக் (சின்ன மெட்டுத் துண்டு) பழகுறேன். ஓப்பன் பொசிஷன்ல, அதாவது நெக்கோட முதல் சில பிரெட்டுல, ஜி ரன், ஹேமர் ஆன் (விரல தட்டி நோட்டு வரவைக்கிறது) எல்லாம் ஓரளவு வருதுங்க. மேல போனா மட்டும் கன்ட்ரி சத்தமே காணாம போயி ப்ளூஸ் மாதிரி ஆயிடுது. 12ஆவது பிரெட்ல ஈ மைனர் பென்டடானிக் (அஞ்சு சுர ஸ்கேல்) பாக்ஸ்தான், அதாவது ஒரே இடத்துல விரல் சுத்துற வடிவம்தான், ஜி மேஜருக்கும்னு சொன்னாங்க, அதுலயே சுத்திட்டு இருக்கேன். வேற என்ன பண்றது?

பாக்ஸ்பாண்டி: அந்த பாக்ஸே போதும் பாஸ். ஈ-ல போய் நிக்காம ஜி, பி-ல நில்லுங்க, ரெண்டாவது ஸ்ட்ரிங்ல 11ல இருந்து 12க்கு ஒரு ஸ்லைடு, கன்ட்ரி தானா வரும். தியரின்னு ஆரம்பிச்சா கிட்டாரு மூலைக்குத்தான் போகும்.

டெலிதாத்தா: போதாது தம்பி. பாட்டு சி கார்டுக்கு போறப்ப நீ ஜி பாக்ஸ்லயே உக்காந்து பி நோட்ட இழுத்துப் பிடிச்சா கடிக்கும். கலிபோர்னியா பேக்கர்ஸ்ஃபீல்டு கன்ட்ரி ஆளுங்க, பாடகர் பக் ஓவன்ஸ் கூட வாசிச்ச டான் ரிச், மெர்ல் ஹேகர்டுக்கு வாசிச்ச ராய் நிக்கல்ஸ், கேட்டுப் பாரு, கார்டு மாறுனா லிக்கும் மாறும். இத பண்ணு: 1, 2 ரெண்டு ஸ்ட்ரிங்கும் 15ல அழுத்திக்க, மூணாவது ஸ்ட்ரிங் 14ல ஒரு முழு டோன் பெண்டு (ஸ்ட்ரிங்க தள்ளி சுருதிய ஏத்துறது), மத்த ரெண்டும் அசையக்கூடாது. ஜி கார்டு அப்படியே பெடல் ஸ்டீல் (பெடல் அழுத்தி சுருதி ஏத்துற கிட்டார்) மாதிரி அழும். சி வந்தா அதே கை 7-8-8 (3, 2, 1ஆவது ஸ்ட்ரிங் வரிசையில), டி-க்கு 9-10-10.

பாக்ஸ்பாண்டி: ஒரே லிக்க மூணு இடத்துல ஒட்டுறதுக்கு பேரு சோலோவா? ஃபாஸ்ட் பாட்டுல கார்ட யோசிக்க எங்க நேரம் இருக்கு, விரல் பழகுன இடத்துக்குத்தான் ஓடும்.

ஆறாம்விரல்: பெண்ட ரெண்டு பேரும் விடுங்கப்பா, சிக்ஸ்த்ஸ் (ஆறாவது சுர இடைவெளியில ரெண்டு நோட்டு) இருக்குல்ல. 3ஆவது ஸ்ட்ரிங் 4, 1ஆவது 3. அப்புறம் 5-5, 7-7, 9-8, 11-10, 12-12. கீழ பிக், மேல நடுவிரல், ரெண்டும் ஒண்ணா பிடுங்கணும். பெண்டே இல்லாம நெக் முழுக்க ஏறிடலாம், ஸ்லோ பாட்டுக்கு இத அடிச்சுக்க ஆளில்ல.

டெலிதாத்தா: நல்ல விஷயம்தான், ஆனா பெண்டு இல்லாம எப்படிப்பா? கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் 1960கள் கடைசியில பி-பெண்டர்னு ஒரு மெக்கானிசத்தையே டெலிகாஸ்டர் கிட்டாருக்குள்ள வச்சாங்க, கிட்டார கீழ அழுத்தினா ஸ்ட்ராப்பு இழுத்து ரெண்டாவது ஸ்ட்ரிங் மட்டும் ஒரு டோன் ஏறும். ஒண்ணு ஏறும்போது மத்தது நிக்கணும், அந்த சத்தத்துக்காகத்தான் அவ்ளோ பாடுபட்டாங்க.

தந்திமாறன்: 7-8-8 இப்ப ட்ரை பண்ணேன் தாத்தா, பெண்டு ஏறுது ஆனா மத்த ரெண்டும் சுருதி இறங்குது. என்னோடது ட்ரெமலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்ல அசையுறது), ஸ்ட்ரிங் தடிமன் 10 கேஜ்.

டெலிதாத்தா: பிரிட்ஜ் மிதக்குதுல்ல, ஒரு ஸ்ட்ரிங்க இழுத்தா மத்தது தொய்யத்தான் செய்யும். டெலில பிரிட்ஜ் அசையாது, அதான் இந்த ஆளுங்க அத விடல. பின்னாடி ஸ்பிரிங்க டைட் பண்ணி பிரிட்ஜ பாடி மேல படுக்க வச்சிட்டு மறுபடி ட்யூன் பண்ணு.

பாக்ஸ்பாண்டி: ஒரு லிக்குக்கு ஸ்க்ரூட்ரைவர் எடுக்க வச்சிட்டாரு பாருங்க. என் பாக்ஸுக்கு இந்த செலவே இல்ல 😂

ஆறாம்விரல்: சிக்ஸ்த்ஸுக்கும் இல்ல.