மூளை பற்றி ஒரு புத்தகம் தூங்க வைக்கிறது, இன்னொன்று தூங்க விடுவதில்லை. ஏன்?

மொட்டைமாடி வாசகன்:
போன மாதம் மூளை பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன், பெயர் வேண்டாம். நியூரான், டோபமைன் எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் நாற்பது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. அப்புறம் நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரனின் ‘ஃபேன்டம்ஸ் இன் த பிரெய்ன்’ நண்பரிடமிருந்து ஓசியில் கிடைத்தது. ராத்திரி ஒன்றரை மணி வரை கீழே வைக்கவில்லை. எழுதுகிறவருக்கு இருக்கும் பித்துதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பித்து பக்கத்தில் எங்கே தெரிகிறது? "ஆஹா, மூளை ஓர் அதிசயம்" என்று முதல் புத்தகக்காரரும்தான் வரிக்கு வரி எழுதுகிறார்.

பட்ஸ் டப்பா:
அதிசயம் என்று சொல்வதில் இல்லை சார், அடுத்து என்ன செய்து பார்க்கலாம் என்று துடிப்பதில் இருக்கிறது. விபத்தில் கையை இழந்த பையனின் கண்ணை ராமச்சந்திரன் கட்டி உட்கார வைத்து, காது குடையும் பட்ஸால் அவன் கன்னத்தைத் தொடுகிறாரே, அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். எங்கே தொடுகிறேன் என்று கேட்டால் கன்னம் என்கிறான், கூடவே, இல்லாத கையின் கட்டை விரலிலும் தெரிகிறது என்கிறான். மூளையின் தொடு உணர்வு வரைபடத்தில் முகமும் கையும் அக்கம்பக்கத்து வீடுகள், கை காலி செய்த இடத்துக்குள் முகம் நுழைந்துவிட்டது என்பது அவர் தரும் விளக்கம். அதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பாடப்புத்தகம். அவர் நம்மையும் பட்ஸைப் பிடிக்க வைக்கிறார். இன்னொன்று, அந்தப் புத்தகத்தைக் கூட இருந்து எழுதியவர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீ என்ற அறிவியல் பத்திரிகையாளர். அவர் பங்கை யாரும் பேசுவதே இல்லை.

பழைய புத்தகக்கடை:
எனக்கு நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ்தான். 1985-இல் வந்த ‘மனைவியைத் தொப்பி என்று நினைத்த மனிதர்’ புத்தகத்தில் ஓர் இசை ஆசிரியர் வருவார். ரோஜாவைக் கையில் கொடுத்தால், சிவப்பாகச் சுருண்ட ஏதோ ஒன்று, அதில் பச்சையாக நீளமாக ஒன்று ஒட்டியிருக்கிறது என்று வர்ணிப்பார், என்ன பொருள் என்று சொல்ல வராது. மோந்து பார்க்கச் சொன்னதும் முகம் மலர்ந்து ரோஜா என்பார். சாக்ஸ் அதோடு விடாமல் அவர் வீட்டுக்கே போகிறார், சாப்பிடுவதையும் உடுத்துவதையும் பார்க்கிறார். அந்த மனிதர் எல்லாவற்றையும் பாடிக்கொண்டேதான் செய்கிறாராம், பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். நோயைப் பார்க்கப் போனவர் ஆளையும் பார்த்துவிட்டு வருகிறார் பாருங்கள், எனக்குப் பித்து என்றால் அதுதான். சாக்ஸுக்கே முகங்களை அடையாளம் காண்பதில் சிக்கல் உண்டு என்று பின்னால் தெரிந்ததும் திரும்ப எடுத்துப் படித்தேன்.

சந்தேகப்பேர்வழி:
எல்லாம் சரி, பித்து சில நேரம் ஆளைத் தள்ளியும் விட்டுவிடும். இத்தாலியில் பார்மா பல்கலைக்கழகத்தில் குரங்குகளிடம் கண்ணாடி நியூரான்களைக் கண்டுபிடித்தார்கள் இல்லையா, தான் ஒன்றைச் செய்யும்போதும் அதையே இன்னொருவர் செய்வதைப் பார்க்கும்போதும் துடிக்கும் மூளை செல்கள், உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று இதே ராமச்சந்திரன் 2000-இல் எழுதினார். மொழி, நாகரிகம், ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் அதுவே சாவி என்கிற மாதிரி ஊரே பேசியது. ஆட்டிசத்துக்குக் காரணம் பழுதான கண்ணாடி நியூரான்கள் என்ற கருத்துக்குப் பின்னால் பலத்த எதிர்ப்பு வந்தது. அந்த உற்சாகத்தில் எழுதிய பக்கங்கள் இன்றைக்கும் படிக்க ஜோராகத்தான் இருக்கின்றன, சிக்கலே அதுதான். பித்தோடு படியுங்கள், கையில் பென்சிலும் இருக்கட்டும்.

பட்ஸ் டப்பா:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் செலவு. மாயக் கை, அதாவது இழந்த பிறகும் இருப்பதாகவே தோன்றும் கை, ஒருவருக்குப் பத்து வருடமாக அசையாமல் உறைந்து கிடந்தது, நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் அது அசைவதாக உணர்ந்தார். கண்ணை மூடியதும் மறுபடி உறைந்துவிட்டது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், சில வாரத்தில் மாயக் கையே காணாமல் போய், விரல்கள் மட்டும் தோளில் தொங்குகின்றன என்று வந்து சொல்கிறார். விரல்கள் ஏன் மிஞ்சின என்று அங்கேயும் கேள்விதான் ஓடுகிறது.

மொட்டைமாடி வாசகன்:
இதைப் படித்துவிட்டு அலமாரிக் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, இடது கையைப் பின்னால் மறைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி வலது கையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் சும்மா இருந்த இடது கையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. "யாருக்கு டாட்டா காட்டறே?" என்று அம்மா வந்து நின்றாள். அவளையும் நிற்க வைத்துப் பார்த்தாயிற்று.