செராமா கோழிப் போட்டி: பறவைக் காய்ச்சலுக்கு என்ன முன்னேற்பாடு?

கேள்வி (பட்டர்வொர்த், மலேசியா):
அடுத்த மாதம் புக்கிட் மெர்தாஜாமில் செராமா என்கிற குட்டிக் கோழி இனத்துக்கு அழகுப் போட்டி வைக்கிறோம். 60 கோழி வரை வரும். என்னென்ன பார்க்கணும் அண்ணே?

பதில் 1:
முதலில் கால்நடை சேவை இலாகாவிடம் கேளுங்க, தம்பி. கோழிகளைக் கொண்டுபோகத் தடை இருந்தால் போட்டியைத் தள்ளிப்போடுங்க. வாத்து வேண்டவே வேண்டாம். நோய்க்குறி காட்டாமலே எச்சத்தில் கிருமியைக் கழிக்கும். கொண்டை நீலம் பூத்த, முகம் வீங்கிய, மூச்சு இழுக்கும் கோழியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்க. உரிமையாளர் தொலைபேசி எண்ணையும் கூண்டு எண்ணையும் எழுதி வையுங்க.

பதில் 2:
செராமா போட்டியில் பெரிய ஆபத்து, கோழியை நடக்கவிட்டு நடுவர் பார்க்கும் அந்த மேசைதான். ஒரே பலகையில் எல்லாக் கோழியும் நடக்கும், எச்சமிடும். எச்சத்தின் மேலேயே கிருமிநாசினி அடித்தால் அதன் வீரியம் போய்விடும். முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவணும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் விர்கான் (கிருமிநாசினித் தூள்) கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விடணும். அவ்வளவு நேரம் போட்டி நிற்காது என்பதால் மூன்று, நான்கு பலகை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்க. நடுவரும் ஒவ்வொரு கோழிக்கும் பிறகு கை கழுவணும். தண்ணீர்க் கிண்ணம் அவரவர் கொண்டு வரட்டும்.

பதில் 3:
வீடு திரும்பிய கோழியை 14 நாளாவது தனியாக வையுங்க. மற்றக் கோழிகளுக்குப் போட்ட பிறகே அதற்குத் தீனி போடுங்க. அந்தக் கூண்டுக்கென்று தனிச் செருப்பு வேண்டும். திடீரென்று செத்தால் அறுக்காதீங்க, கறிக்குக் கொடுக்காதீங்க. உடனே இலாகாவுக்குச் சொல்லுங்க.