புதுப்பிப்பு: பாதியில் நின்ற ஸ்டர்லிங் இன்ஜின் இப்போது ஓடுகிறது

ஸ்பிரிட் விளக்கில் ஓடும் என் குட்டி ஸ்டர்லிங் இன்ஜின் (ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி; உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுருங்குவதில் ஓடுவது) இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது, சூடு போதவில்லையோ என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

சூடு காரணமில்லை, தப்பு என்னுடையது. சத்தம் குறையட்டும் என்று கண்ணாடி சிலிண்டருக்குள் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தேன். உள்ளே ஓடுவது கிராஃபைட் பிஸ்டன்; அதற்கு எண்ணெயே ஆகாது. எண்ணெய்ப் படலம் பிஸ்டனைக் கண்ணாடியோடு இழுத்துப் பிடிக்கும். இந்த இன்ஜினுக்கு இருக்கும் வலுவுக்கு, நிற்க அதுவே போதும்.

இரண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிட்டேன் (விளக்கை அணைத்துவிட்டுத்தான்). அப்புறம் சிலிண்டரைச் செங்குத்தாகப் பிடித்தால் பிஸ்டன் தானாக வழுக்கி இறங்கியது. அடிமுனையை விரலால் மூடினால் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. சரி, கசிவு இல்லை.

ஓடியது. ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி தளர்ந்தது. குளிர்ப் பக்கமும் சூடாகி, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைந்துவிட்டது; இன்ஜினை ஓட்டுவதே அதுதான். சுடரைச் சின்னதாக்கி, சூடேறும் குழாயின் நுனியில் மட்டும் படும்படி நகர்த்தினேன். இப்போது கால் மணி நேரம் ஓடுகிறது.

ஃப்ளைவீல் (சுழலும் சக்கரம்) பேரிங்கில் லேசான கடகட சத்தம் பாக்கி. அந்த ஒரு சொட்டு எண்ணெயை அங்கே விட்டிருக்க வேண்டும்.