ஃப்ளேர், ரெமிஷன்: வெள்ளிக்குள் தமிழ்ச் சொற்கள் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

குடல் அழற்சி நோயாளிகளிடம் மல மாதிரி பெறும் ஆய்வு ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் இதில் அடக்கம். தமிழ் ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் நெறிமுறைக் குழுவிடம் சேர வேண்டும். இரண்டு சொற்கள் இடறுகின்றன. இந்நோய் சில மாதங்கள் அடங்கிக் கிடக்கும்; பிறகு வயிற்றுவலியும் இரத்தப் பேதியுமாகக் கிளம்பும். கிளம்புவது ஃப்ளேர், அடங்குவது ரெமிஷன். இரு காலத்திலும் மாதிரி எடுத்து ஒப்பிடுவதுதான் ஆய்வின் உயிர். மொழிபெயர்ப்பாளர் 'நிவாரணம்' என்று எழுதித் தந்திருக்கிறார். அதைப் படிப்பவர் அரசு தரும் உதவித்தொகை என்றே எண்ணுவார்.
– ஆய்வு மருத்துவர்

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் 'அழற்சி'யைப் பாருங்கள். சுழல் சுழற்சியானது, முயல் முயற்சியானது, அழல் அழற்சியானது. அழல் என்றால் நெருப்பு. இலத்தீனிலும் இந்நோய்க்குறியின் பெயர் சுடரிலிருந்துதான் பிறந்தது. எனவே நமக்கு வேண்டிய இரண்டு சொற்களும் நெருப்பை விட்டு விலகக் கூடாது. தீ மூளும், தணியும்: மூளல், தணிவு. போரும் மூளும் அல்லவா? உடலின் காவற்படை தன் குடலோடே பொருதும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான வினை எது?

கூடவே ஒன்று. 'கிரோன்' எதற்கு? கடைச்சிறுகுடல் அழற்சி என்று தூய தமிழில் சொல்லலாமே.
– தமிழாசிரியர் (ஓய்வு)

ஐயா, அந்தப் பெயர் மட்டும் வேண்டாம். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் எழுதிய கட்டுரை கடைச்சிறுகுடலைத்தான் பேசியது. பின்னர் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் இது வரலாம் என்று தெரிந்தது. உறுப்பைச் சொல்லும் பெயர் பொய்த்தது, ஆள் பெயர் நிலைத்தது. அகரவரிசையில் முதலில் வந்ததால்தான் கிரோனுக்கு அந்த இடம் கிடைத்தது.
– ஆய்வு மருத்துவர்

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. சித்த மருத்துவத்தில் வளி (வாதம்), அழல், ஐயம் (கபம்) என்ற வரிசையில் அழல் என்பது பித்தம். 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று குறள் சுட்டுவது இவற்றைத்தான். எங்களிடம் வரும் முதியவர்கள் அழற்சி என்றதும் பித்தம் மிகுந்துவிட்டது என்றே கொள்வார்கள். படிவத்தில் ஒரு வரி விளக்கம் கட்டாயம் தேவை.

ரெமிஷனுக்கு நீறுபூத்த நிலை என்றால் என்ன? மேலே சாம்பல், உள்ளே கனல்.
– சித்த மருத்துவர்

நீறுபூத்த நிலை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வலி நின்றுவிட்டது என்பார் நோயாளி. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளந்தால் ஏறியிருக்கும். வெள்ளணுக்கள் குடலுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அது சான்று. நோயின் அறிகுறி மட்டும் நீங்கியதை நீறுபூத்த நிலை என்றும், குடற்சுவரே ஆறியதைத் தணிவு என்றும் பிரிக்கலாம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லோடு அடைமொழி சேர்த்துத் திண்டாடுகிறது.
– ஆய்வு மருத்துவர்

என் அண்ணனுக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கிரோன். எங்கள் வீட்டில் 'மறுபடி கிளம்பிவிட்டது' என்போம். மூளல் என்று அச்சில் கண்டால் மூளையில் ஏதோ என்று அம்மா பதறிவிடுவார். நீறுபூத்த நெருப்பு உங்கள் கட்டுரைகளில் இருக்கட்டும். நன்றாக இருக்கும் நாள்களில் உள்ளே கனல்கிறது என்று அண்ணனிடம் யாரும் எழுதிக் காட்ட வேண்டாம்.
– கணக்காளர்

நால்வர் தனிமடலிலும் இதையே சொல்கிறார்கள். படிவத்தில் 'நோய் கிளம்பும் காலம்', 'நோய் அடங்கிய காலம்'. ஆய்வேட்டில் நீறுபூத்த நிலை, தணிவு. நாளை அச்சுக்குத் தருகிறேன்.
– ஆய்வு மருத்துவர்

ஒப்பவில்லை. மூச்சு அடங்கியது என்று நாம் எப்போது சொல்கிறோம்? அடங்கியது மீண்டும் எழாது. நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். இரவோடு இரவாக 'தணிந்த காலம்' என்று திருத்திவிடுங்கள், அம்மா.
– தமிழாசிரியர் (ஓய்வு)