சிவாவா நாய்க்குட்டி வாங்கலாமா, வீட்ல ரெண்டு வாலு இருக்கு

வேளச்சேரி அம்மா: பெரியவளுக்கு 8, சின்னவனுக்கு 3. சிவாவா வேணும்னு ஒரே அடம், ஃபிளாட்டுக்கு சின்ன நாய்தான் சரின்னு அவரும் சொல்றாரு, பசங்க இருக்கிற வீட்டுக்கு ஒத்து வருமா?

நாய்ப்பிரியன்: 3 வயசு பையன்னா யோசிங்க சிஸ்டர். வளர்ந்ததே 3 கிலோவுக்குள்ளதான் இருக்கும், முன்னங்கால் எலும்பு பென்சில் மாதிரி, பையன் தூக்கிட்டு சோபாலேந்து நழுவ விட்டா முறிஞ்சிடும். நிறைய சிவாவாக்கு உச்சந்தலையில ஒரு இடம் மூடாம மெத்துனு இருக்கும், அங்க அடி படவே கூடாது. அப்புறம் ரொம்ப பொடி சைஸ் குட்டிய 'டீகப்'னு சொல்லி விப்பாங்க, நம்பாதீங்க, அப்படி ஒரு இனமே கிடையாது.

மதுரக்காரி: எங்க வீட்ல பொமரேனியன். பசங்க தரையில உக்காந்துதான் தொடணும், தூக்கக்கூடாது, அவ்ளோதான் ரூல். பொடி குட்டிக்கு சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை குடுங்க, பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்கி மயங்கிடும். சாக்லேட், கிஸ்மிஸ் ரெண்டும் அதுக்கு விஷம்.

வேளச்சேரி அம்மா: கிஸ்மிஸுமா!? சின்னவன் பாயசத்துல இருக்கறத பொறுக்கி கீழதான் போடுவான்..

நாய்ப்பிரியன்: அப்ப ரெண்டு வருஷம் போகட்டும் சிஸ்டர் 😄 இல்லன்னா கொஞ்சம் வளர்ந்த சாதுவான நாட்டு நாயா பாத்து தத்தெடுங்க. எதுவா இருந்தாலும் ரேபிஸ் ஊசிய மட்டும் விட்டுடாதீங்க.