மறைந்த நண்பனின் பாடல்களை முடித்து வெளியிடலாமா? ஜோயி ரமோனின் தொகுப்புகளை அறிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை கிதார்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துத் தேங்காய்க் களம் ஒன்றை ஒட்டிய அறையில் எட்டு ஆண்டுகளாகப் பயிற்சி செய்துவந்த நால்வர் குழு எங்களுடையது. தமிழில் எழுதி, இடையிடையே மலையாளம் கலந்து, பங்க் ராக் என்னும் வேகமான, முரட்டு ராக் இசையைப் பாடிய எங்கள் பாடகன் சென்ற ஆவணியில் நோயால் இறந்துவிட்டான். குழுவின் பெயரில் இல்லாமல் தன் பெயரிலேயே ஒரு தொகுப்பு கொண்டுவர வேண்டும் என்று கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒன்பது பாடல்களைப் பாடிச் சேர்த்து வைத்திருந்தான்.

அவற்றில் ஆறு பாடல்களை நல்ல மைக்கில், தொடக்கம் முதல் முடிவு வரை பாடியிருக்கிறான். மற்ற மூன்றும் கட்டிலில் உட்கார்ந்து, ஒற்றைக் கிதாரோடு கைபேசியில் பதிந்தவை; அவற்றுள் ஒன்றுக்கு இரண்டாம் சரணமே கிடையாது, மெட்டை மட்டும் முனகியிருக்கிறான். ஒன்பதும் வெளிவர வேண்டும் என்கிறார் அவனுடைய அம்மா. எதுவும் வேண்டாம் என்கிறார் அண்ணன். ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் பாடகர் ஜோயி ரமோன் இறந்தபின் வந்த தனித் தொகுப்பை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவனே அவன்தான் என்பதால், அது எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் எங்களுக்கும் வழி கிடைக்கும் என நினைக்கிறேன்.

நகரி விசைத்தறி:

தம்பி, உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள். ஜோயியின் பெயரில் வந்தவை இரண்டு தொகுப்புகள். உங்கள் ஆறு பாடல்களுக்கும் மூன்று பாடல்களுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

1974இல் தொடங்கிய ரமோன்ஸ் 1996 ஆகஸ்டில் கடைசிக் கச்சேரியோடு கலைந்தது. நிணநீர்ப் புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டே ஜோயி தன் தனித் தொகுப்புக்கான பாடல்களைப் பதிந்துவந்தார். ரமோன்ஸோடு பல ஆண்டுகள் பணியாற்றிய டேனியல் ரே உடனிருந்து கிதார் வாசித்தார், தயாரிப்பையும் பார்த்துக்கொண்டார். 2000ஆம் ஆண்டின் இறுதியில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஜோயி, 2001 ஏப்ரல் 15 அன்று, ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறைந்தார். 'டோன்ட் வொரி அபௌட் மீ' 2002 பிப்ரவரியில் வெளிவந்தது. 'என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்று பொருள்படும் அந்தத் தலைப்பை இறந்தவரின் பெயரோடு சேர்த்துப் படித்தபோது ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதன் முதல் பாடல், லூயி ஆம்ஸ்ட்ராங் 1967இல் பாடிப் புகழ்பெற்ற 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்'. உலகின் அழகை நிதானமாகப் போற்றும் அந்தப் பாட்டை, தன் வாழ்நாள் முடியப்போவதை உணர்ந்திருக்கக்கூடிய ஒருவர் ரமோன்ஸின் வேகத்தில், துளியும் சோகமில்லாமல் பாடுகிறார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து, விழுந்தாலும் எழுவேன் என்று சொல்லும் பாடலும் அதே தொகுப்பில் உண்டு. எங்கள் தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எந்த இடத்திலும் பிறர் கை தெரியவில்லை.

இரண்டாவது தொகுப்பு 2012 மே மாதம் வந்தது. அவர் பல காலகட்டங்களில் பதிந்து வைத்த மாதிரிப் பதிவுகளிலிருந்து (டெமோ) குரலை எடுத்து, இசைத் தயாரிப்பாளர் எட் ஸ்டாசியம் போன்றவர்கள் புதிய இசை சேர்த்து முடித்தார்கள். ராக் பாடகி ஜோன் ஜெட் உள்ளிட்ட பலரும் பங்கேற்றார்கள். அன்போடு செய்த வேலைதான். ஆனாலும் ஜோயி இருந்திருந்தால் இந்தக் கிதாரை இங்கே விட்டிருப்பாரா என்ற கேள்வி எனக்குள் எழுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஆறு பாடல்களைத் தொகுப்பாக வெளியிடுங்கள். மூன்றையும் தொடாமல் வையுங்கள் என்பதே என் கருத்து.

மீனாட்சிபுரம் ஒலிப்பதிவு:

நகரி அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். மாதிரிப் பதிவு என்பது ஒரு பாடகர் அந்தப் பாட்டை முடிக்க விரும்பினார் என்பதற்கான சான்றும்கூட. 2012 தொகுப்பு வராமல் போயிருந்தால் அந்தக் குரல் பெட்டியிலேயே கிடந்திருக்கும். அதில் உழைத்தவர்களுள் ஜோயியின் தம்பி மிக்கி லீயும் ஒருவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் எல்லா மூலக் கோப்புகளையும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் படியெடுத்து, ஒன்றை உங்கள் நண்பர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். கைபேசியில் தாளத் துணை இல்லாமல் பாடியிருப்பதால் வேகம் ஏறியிறங்கத்தான் செய்யும். அந்தக் குரலை இழுத்துச் சுருக்கித் தாளத்துக்குள் அடைக்காமல், குரலின் வேகத்தை அளந்து டிரம்ஸை அதன்பின் நடக்க விடுங்கள். இரைச்சல் நீக்கத்தைக் கொஞ்சமாகவே பயன்படுத்துங்கள். அதிகமானால் மூச்சும் சேர்ந்து போய்விடும். சுருதி திருத்தும் மென்பொருளைத் தொடவே வேண்டாம். இல்லாத சரணத்தை வேறொருவர் எழுதிப் பாடக் கூடாது, கணினியைக் கொண்டு அவர் குரலில் உருவாக்கவும் கூடாது. முனகல் முனகலாகவே இருக்கட்டும்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரில் திடீரென மறைந்தபின், அவருடைய மெஸ்கலெரோஸ் குழுவினர் முடித்து 2003இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட்கோர்' தனித் தொகுப்பு இல்லைதான். ஆனால் அதன் கடைசிப் பாடல் முடிந்ததும், இந்தப் பதிவு சரியாக வந்துவிட்டது என்று அவர் சொல்லும் பேச்சை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நொடிக்காகவே அந்தத் தொகுப்பை வைத்திருக்கிறேன்.

வேலந்தாவளம்:

சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் நண்பர் எழுதிய வரிகளுக்கும் அமைத்த மெட்டுக்கும் உள்ள உரிமை அவர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். உயிலோ ஒப்பந்தமோ இல்லையென்றால் அது வாரிசுகளுடையது. பாடியவர் என்ற முறையில் உள்ள உரிமை தனி, அதற்கு 50 ஆண்டுகள். படைப்பைச் சிதைத்து மாற்றினால் சட்டப்படியான பிரதிநிதிகள் எதிர்க்கவும் இடமுண்டு. ஆகவே வாரிசு யார் என்பதை முதலில் உறுதிசெய்து, எந்தப் பாடலில் என்ன சேர்க்கப்போகிறீர்கள் என்பதை எழுதிக் கையொப்பம் பெறுங்கள். அண்ணன் சட்டப்படி வாரிசு இல்லாவிட்டாலும் அவரை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை கிதார்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை ஹார்ட் டிஸ்க்கோடு அவன் வீட்டுக்குப் போய், அம்மாவையும் அண்ணனையும் உட்கார வைத்து ஒன்பதையும் போட்டுக் காட்டினேன். அண்ணன் இதுவரை ஒன்றையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு பாடல்களையும் அவன் திட்டமிட்டபடி முடிக்கிறோம். கைபேசிப் பாடல்கள் மூன்றையும் எந்த இசையும் சேர்க்காமல், கட்டில் கிரீச்சிடும் ஒலியோடு, கடைசியில் வைக்கிறோம். அம்மா கையொப்பமிட ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது பாடல் முனகலோடு நின்றபின், கிதாரைக் கீழே வைத்துவிட்டு "மதி, நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்று எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்லியிருக்கிறான்; 'மதி' என்றால் போதும் என்று பொருள். அதை வெட்ட வேண்டாம் என்று சொன்னவர் அண்ணன்தான்.